வங்கி மீதியும் வீட்டுக் கொப்பியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வங்கி காட்டும் தொகையும் தாம் எழுதி வைத்திருக்கும் தொகையும் ஒத்துவராதபோது என்ன செய்வது என்ற ஒரே ஐயத்தை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஒவ்வொருவரின் தொழிலும் வருமானமும் வேறாக இருப்பதால் தனித்தனியாகவே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. என் சம்பளம் வங்கியிலுள்ள நடைமுறைக் கணக்குக்கு வருகிறது. வரவு செலவுகளைத் தவறாமல் கொப்பியில் எழுதுகிறேன். கடந்த மாதம் 31 ஆம் திகதி கொப்பியின்படி 61,885 ரூபா இருக்க வேண்டும். ஆனால் வங்கிக் கூற்றில் 74,310 ரூபா இருக்கிறது. வங்கியின் கணக்குப் பிழைக்காது, கொப்பியைத் திருத்திவிடு என்கிறார் கணவர். எதை நம்புவது? (களுவாஞ்சிக்குடி)

பதில்: அம்மா, நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த வங்கிக் கூற்றின் பிரதியையும் கொப்பிப் பக்கங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்று உங்களுக்கு உண்மையில் உரித்தாக இருந்த தொகை 61,810 ரூபா. வங்கி சொன்னதும் அந்தத் தொகை இல்லை, நீங்கள் எழுதியிருந்ததும் அந்தத் தொகை இல்லை.

வங்கிக்குத் தன்னிடம் வந்து சேர்ந்தவை மட்டுமே தெரியும். 28 ஆம் திகதி கூரை வேலைக்காக ஹாட்வெயார் கடைக்கு 18,500 ரூபாவுக்குக் காசோலை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கடைக்காரர் அதை மாத முடிவுவரை வங்கிக்குக் கொண்டுபோகவில்லை. ஆகவே நீங்கள் கொடுத்து முடித்துவிட்ட பணம் வங்கியின் ஏட்டில் இன்னும் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. மறுபுறத்தில், 30 ஆம் திகதி நீங்கள் வைப்பிலிட்ட 6,000 ரூபா காசோலை இன்னும் தேறவில்லை, அதாவது அதன் பணம் உங்கள் கணக்கில் இன்னும் சேரவில்லை. காசோலையின் படத்தைக் கொண்டே தீர்வு செய்யும் முறை 2006 இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தபின், வேலை நாளொன்றில் உரிய நேரத்துக்குள் இடப்பட்ட காசோலை வழமையாக அடுத்த வேலை நாளில் தேறிவிடுகிறது. ஆனால் இடையில் சனி, ஞாயிறோ பௌர்ணமி விடுமுறையான போயா தினமோ வந்தால் அது தள்ளிப்போகும். உங்கள் காசோலைக்கும் அதுவே நடந்தது. ஆகவே 74,310 இலிருந்து 18,500 ஐக் கழித்து, 6,000 ஐக் கூட்டினால் 61,810 வருகிறது.

இனிக் கொப்பியின் பக்கம் வருவோம். மாதந்தோறும் காப்புறுதிக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும்படி நீங்களே வங்கிக்குக் கொடுத்திருந்த நிலையியற் கட்டளையின்படி 3,250 ரூபா போயிருக்கிறது. அதை எழுதத் தவறிவிட்டீர்கள். காசோலைப் புத்தகத்துக்கான கட்டணம் 325 ரூபா. இது கூற்றைப் பார்த்தால்தான் தெரியவரும். உங்கள் தங்கை வாங்கியிருந்த கடனில் 3,500 ரூபாவைக் கைத்தொலைபேசி வழியாக நேரே உங்கள் கணக்குக்கு அனுப்பியிருக்கிறார். அதுவும் கொப்பியில் இல்லை. 61,885 இலிருந்து 3,250 ஐயும் 325 ஐயும் கழித்து, 3,500 ஐக் கூட்டிப் பாருங்கள். அதுவும் 61,810 தான். இரண்டு பக்கமும் ஒரே தொகையில் வந்து நிற்கும்போதுதான் அந்தத் தொகையை நம்பலாம்.

கணவர் சொன்னபடி கொப்பியை 74,310 என்று மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 12,425 ரூபா கூடுதலாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் அதைச் செலவழித்திருப்பீர்கள். அதன்பின் கடைக்காரர் காசோலையைக் கொடுக்கும்போது கணக்கில் போதிய பணம் இல்லாமல் அது திரும்பியிருக்கும். வங்கி அதற்கும் ஒரு கட்டணம் அறவிடும். கடைக்காரரிடம் உங்களுக்கிருந்த நாணயமும் கெட்டுவிடும். பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (சிறப்பேற்பாடுகள்) சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். உங்கள் விடயத்தில் அப்படியொரு எண்ணம் இல்லை என்றாலும், காசோலை பயன்படுத்தும் ஒவ்வொருவரும் கொப்பி மீதியைப் பார்த்தே காசோலை எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

செய்யும் முறை இதுதான். வங்கிக் கூற்று கைக்கு வந்ததும் ஒரு பென்சிலை எடுத்து, கூற்றில் உள்ள ஒவ்வொரு தொகையையும் கொப்பியில் தேடி, இரண்டு இடத்திலும் சிறு அடையாளம் இடுங்கள். கூற்றில் அடையாளம் இல்லாமல் எஞ்சுபவை நீங்கள் அறியாதவை. ஒவ்வொன்றும் எதற்கானது என்று கேட்டு, சரியென்று உறுதியான பின்னரே கொப்பியில் ஏற்ற வேண்டும். வங்கி எழுதியதாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடக் கூடாது. கொப்பியில் அடையாளம் இல்லாமல் எஞ்சுபவை வங்கியை இன்னும் எட்டாதவை: நீங்கள் கொடுத்தும் சமர்ப்பிக்கப்படாத காசோலைகள், நீங்கள் இட்டும் தேறாத காசோலைகள். அவற்றை மாத முடிவில் ஒரு தனித் தாளில் திகதியோடும் காசோலை இலக்கத்தோடும் எழுதி, அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோங்கள். அடுத்த மாதம் முதல் வேலையாக அந்தத் தாளில் இருப்பவை கூற்றில் வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். காசோலை எழுதிய திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தால் வங்கி அதை வழமையாக ஏற்பதில்லை. அந்த ஹாட்வெயார் காசோலை இரண்டு மூன்று மாதமாகத் தாளிலேயே கிடந்தால், கடைக்காரரைக் கூப்பிட்டு நினைவூட்டுங்கள். காசோலை காலாவதியானாலும் நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் காலாவதியாவதில்லை.

உங்கள் பாடசாலையில் கணக்கீடு படிக்கும் மாணவர்கள் இதையே வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்ற பெயரில் பயிற்சி செய்கிறார்கள். பரீட்சையில் அதற்குப் புள்ளி பெற்ற பிள்ளைகள் இருக்கும் வீடுகளிற்கூட, வீட்டின் சொந்தக் கணக்குக்கு அதை ஒருமுறையேனும் செய்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். அதைக் கம்பனிகளுக்கு மட்டும் உரிய வேலையென்று எண்ணி விட்டுவிடுகிறோம்.

கேள்வி: கல்முனைச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன். சேமிப்புக் கணக்கின் வங்கிப் புத்தகத்துக்கும் என் கொப்பிக்கும் 2,700 ரூபா வித்தியாசம் வருகிறது. கூட்டல் கழித்தல் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். இந்தச் சிறு தொகையை ‘வித்தியாசம்’ என்று எழுதி விட்டுவிடலாமா? (கல்முனை)

பதில்: விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 2,700 ரூபா சிறிய தொகைதான். ஆனால் அது ஒரே பிழையின் விளைவு என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 12,700 ரூபா ஒரு பக்கமும் 10,000 ரூபா மறுபக்கமும் தவறி, இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு எஞ்சியது 2,700 ஆகவும் இருக்கலாம். ‘வித்தியாசம்’ என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பிழைகள் அங்கேயே புதைந்துவிடும்.

கூட்டலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் பயனில்லை, ஏனெனில் பிழை பெரும்பாலும் எழுதியதில் இருக்கும். வித்தியாசத் தொகையே எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லும். முதலில் 2,700 என்ற தொகையையே இரண்டு ஏட்டிலும் தேடுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்டிருக்கலாம். கிடைக்காவிட்டால் அதன் பாதியான 1,350 ஐத் தேடுங்கள். 1,350 ரூபா வைப்பிலிட்டதை எடுத்ததாக எழுதியிருந்தால் வித்தியாசம் அதன் இரு மடங்காகவே வரும்.

அதுவும் இல்லையென்றால் 9 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், ஒரு தொகையில் அருகருகே உள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. இலக்கங்கள் இடம் மாறும்போது எழும் வித்தியாசம் எப்போதும் 9 இன் மடங்காகவே இருக்கும் என்பது கணிதம். உங்கள் 2,700 ஐ 9 ஆல் வகுத்தால் 300 வருகிறது. அப்படி இடம் மாறியிருந்தால், மாறியவை ஆயிரத்தின் இடமும் நூறின் இடமும் என்பதையும், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 3 வித்தியாசம் என்பதையும் இந்த 300 சொல்லிவிடுகிறது. 6,300 ஐ 3,600 என்றோ, 8,500 ஐ 5,800 என்றோ, 4,100 ஐ 1,400 என்றோ எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு: 3,000 என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு பூச்சியம் விடுபட்டு 300 என்று விழுந்திருந்தாலும் வித்தியாசம் 2,700 தான். சந்தையில் நின்றுகொண்டு அவசரமாக எழுதுபவர்களுக்கு இந்தக் கடைசிப் பிழையே அதிகம் நேர்கிறது.

இவை எதிலும் பிடிபடாவிட்டால், மாதத்தின் நடுப்பகுதிக்குப் போங்கள். 15 ஆம் திகதி இரண்டு மீதியும் ஒத்திருந்தால் பிழை அதற்குப் பின்னே. ஒத்திராவிட்டால் அதற்கு முன்னே. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால், நூறு பதிவுகள் உள்ள மாதத்திலும் ஏழெட்டுத் தடவைக்குள் பிழையான நாளை அடைந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: வங்கிப் புத்தகத்தை நெடுநாள் பதியாமல் விட்டால், சில வங்கிகளில் அந்தக் காலத்துப் பதிவுகள் அனைத்தையும் ஒரே வரியாகத் தொகுத்து அச்சிட்டுவிடுவார்கள். அந்த ஒற்றை வரியிலிருந்து எதையும் சரிபார்க்க இயலாது. விரிவான கூற்றைக் கிளையில் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். சந்தைக்கு அருகிலேயே கிளை இருக்கும்போது வாரம் ஒரு தடவையேனும் புத்தகத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. அதற்கு மேலும் கொப்பியில் எழுதுவது வீண் வேலையல்லவா? (அக்கரைப்பற்று)

பதில்: தம்பி, நடந்து முடிந்ததைத்தான் குறுஞ்செய்தி சொல்லும். நாளைக்குக் கொடுப்பதாக நீங்கள் ஒப்புக்கொண்ட தொகை, இந்த மாதம் வர வேண்டிய சீட்டுக் காசு, நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்தது ஆகியவை அதில் இல்லை. கொப்பிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் ஒரு அட்டவணை வைத்திருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அதை எழுதுபவர் நீங்களாகவும், எழுதும் நாள் செலவு நடந்த நாளாகவும் இருக்க வேண்டும். ஏ.ரி.எம். இயந்திரத்தில் 10,000 ரூபா எடுத்ததாக வந்த செய்தியைச் செலவென்று எண்ணிவிடாதீர்கள். பணம் கணக்கிலிருந்து உங்கள் சட்டைப் பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பத்தாயிரம் எங்கே போயிற்று என்பதுதான் எழுதப்பட வேண்டியது. இளைஞர்கள் பலரின் கணக்கில் மாதத்தின் மிகப் பெரிய செலவு ‘ஏ.ரி.எம்.’ என்றே இருப்பதற்குக் காரணம் இந்த விடுபாடுதான்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மானாவாரி வயல் செய்கிறேன். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டி, கடன்களைக் கொடுத்தபின் இந்த வருடம் 360,000 ரூபா கையில் மிஞ்சியது. ஆனால் ஒவ்வோர் ஐப்பசியிலும் விதைப்புக்குக் கையில் ஒன்றும் இருப்பதில்லை, நகையை அடகு வைக்கிறேன். மாதக் கணக்கு எழுதச் சொல்கிறீர்கள். மாத வருமானம் இல்லாத எங்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? (கொக்கட்டிச்சோலை)

பதில்: ஐயா, உங்களுக்குத்தான் அது மற்றெவரையும்விட அதிகம் பொருந்தும். சம்பளக்காரருக்கு மாதம் முடிந்தால் அடுத்த சம்பளம் வந்துவிடும். நீங்கள் ஒருமுறை வந்த பணத்தோடு அடுத்த அறுவடைவரை போக வேண்டும். ஆகவே உங்களுக்கு இரண்டு கணக்குகள் தேவை. ஒன்று போகக் கணக்கு, மற்றது வீட்டுக் கணக்கு.

போகக் கணக்கை உழவு தொடங்கும் நாளில் ஆரம்பித்து, கடைசி மூடை விற்ற பணம் கைக்கு வரும் நாளில் முடியுங்கள். உழவுக் கூலி, விதை நெல், களைநாசினி, உரம், கூலியாட்கள், அறுவடை இயந்திர வாடகை, ஏற்றுக்கூலி அனைத்தும் அதில் வர வேண்டும். கடனாக வாங்கியதையும் வாங்கிய நாளிலேயே எழுதுங்கள். உரக்கடைக் கடனைக் கொடுக்கும் நாளில்தான் செலவென்று எழுதும் வழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. அதனால் தை மாதத்தில் செலவு குறைவு போலத் தோன்றி, பங்குனியில் திடீரென்று பணம் எல்லாம் கரைந்ததுபோல் ஆகிவிடுகிறது. அடகு வைத்துப் பெற்ற பணம் வங்கிக் கணக்குக்கு வந்தாலும் அது வருமானம் இல்லை. அதைக் கடனென்றே தனியாக எழுதி, பக்கத்திலேயே வட்டி வீதத்தையும் மீட்க வேண்டிய திகதியையும் குறியுங்கள். அந்தத் திகதியைத் தவறவிட்டதால் ஏலத்துக்குப் போன நகைகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் துயரம்.

இப்போது 360,000 ரூபாவை எடுத்துக்கொள்வோம். அடுத்த விதைப்புக்கு உழவு, விதை, முதற் களைநாசினி ஆகியவற்றுக்கு 120,000 ரூபா தேவையென்று கடந்த போகக் கணக்கிலிருந்து தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், நெல் விற்ற வாரத்திலேயே அந்தத் தொகையை வேறொரு சேமிப்புக் கணக்குக்கோ, ஐப்பசிக்கு முன் முதிர்வடையும் நிலையான வைப்புக்கோ மாற்றிவிடுங்கள். மிஞ்சும் 240,000 ரூபாவைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,000 ரூபா வரும். அதைப் பெரிய கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக் கணக்குக்கு மாதம் ஒருமுறை மாற்றும்படி வங்கிக்கு நிலையியற் கட்டளை கொடுங்கள். பால் விற்ற காசும் கூலி வேலைக் காசும் அதற்கு மேல் சேரும். 20,000 ரூபா போதாது என்றுதான் சொல்வீர்கள், அது உண்மை. ஆனால் போதாது என்பது சித்திரையிலேயே தெரிந்தால் மேட்டு நிலத்தில் கச்சானோ சோளமோ வைப்பதா, வேறு வேலை பார்ப்பதா என்று யோசிக்க நேரம் இருக்கும். ஐப்பசியில் தெரிந்தால் அடகுக்கடை ஒன்றே வழி.

நெல் விற்பனையில்தான் ஒப்பிட்டுப் பார்ப்பதன் பயனை நீங்கள் நேரே காண்பீர்கள். வியாபாரி பணத்தை இரண்டு மூன்று தவணையாகக் கணக்குக்கு அனுப்பும்போது, எந்தத் தவணை எந்த நாள் ஏற்றிய நெல்லுக்கு என்பது குழம்பிவிடும். ஏற்றிய நாளிலேயே மூடை எத்தனை, எடை எவ்வளவு, பேசிய விலை என்ன என்று எழுதி, வியாபாரியின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். பின்னர் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து ஒவ்வொரு வரவையும் அதற்கு நேரே அடையாளமிட்டால், வராத பணம் எது என்பது தானாகத் தெரியும். உர மானியமும் இப்போது விவசாயிகளின் வங்கிக் கணக்குக்கே வருவதால், அதை நெல் விற்ற பணத்தோடு கலந்து எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வங்கிக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலையாக இருப்பவர்களுக்கு வாரந்தோறும் இது இயலாது. போகக் காலத்தில் மாதம் ஒருமுறை போதும்.

கேள்வி: கணவர் கட்டாரில் இருக்கிறார். அவர் அனுப்பியதாகச் சொல்லும் தொகைக்கும் கணக்கில் விழும் தொகைக்கும் எப்போதும் சிறு வேறுபாடு இருக்கிறது. வட்டியிலும் ஏதோ கழிக்கிறார்கள். மூன்று வங்கிகளில் கணக்கு இருப்பதால் மொத்தம் எவ்வளவு என்பதே தெரிவதில்லை. (வாழைச்சேனை)

பதில்: சகோதரி, கணவர் கொடுப்பது றியால், உங்களுக்கு வருவது ரூபா. அவர் பணம் கட்டிய நேரத்து நாணயமாற்று வீதத்தையும், அனுப்பும் நிறுவனத்தின் கட்டணத்தையும் பொறுத்துத் தொகை மாறும். ஆகவே ‘ஒரு இலட்சம் அனுப்பினேன்’ என்ற பேச்சை வைத்துக் கணக்கு எழுதாதீர்கள். அவருக்குக் கிடைக்கும் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதில் றியால் தொகை, வீதம், கட்டணம், பெறுபவருக்குச் சேரும் ரூபாத் தொகை எல்லாம் இருக்கும். உங்கள் கணக்கில் விழுந்த தொகை அந்த ரூபாத் தொகையோடு ஒத்திருந்தால் போதும். ஒத்திராவிட்டால் எங்கே கழிந்தது என்று கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. கணவன் மனைவிக்கிடையே தேவையற்ற சந்தேகத்தையும் இந்தச் சிறு பழக்கம் தடுத்துவிடும் என்று நான் மனதார நம்புகிறேன்.

வட்டியில் கழிக்கப்படுவது நிறுத்திவைத்தல் வரி. 2023 ஜனவரி முதல் வைப்பு வட்டிகளில் 5 சதவீதமாக இருந்த அது, 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம் ஆனது. ஒரு மாதத்துக்கு 1,840 ரூபா வட்டி சேர்ந்தால் 184 ரூபா வரியாகப் போய் 1,656 ரூபாதான் மிஞ்சும். கொப்பியில் 1,656 என்று மட்டும் எழுதாமல், வட்டி 1,840 என்று வரவிலும் வரி 184 என்று செலவிலும் தனித்தனியாக எழுதுங்கள். ஆண்டு முடிவில் எவ்வளவு வரி போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான வரி ஆண்டில் வருமானம் 1,800,000 ரூபாவுக்கு மேற்படாதவர்கள், அந்த வரியைக் கழிக்காமல் இருக்கும்படி வங்கியில் சுயபிரகடனம் கொடுக்கலாம். அதற்கான படிவத்தைக் கிளையிலேயே கேளுங்கள். கூட்டுக் கணக்காக இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று கணக்குகளையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் அதன் வங்கிப் புத்தகத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு கணக்கிலிருந்து எடுத்து மற்றதில் இடும்போது முதற் பக்கத்தில் குறைத்து இரண்டாம் பக்கத்தில் கூட்ட வேண்டும். ஆனால் அந்த மாதத்தின் வரவிலோ செலவிலோ அது சேரவே கூடாது. 50,000 ரூபாவை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு, அதை வருமானத்தில் ஒருமுறையும் செலவில் ஒருமுறையும் எழுதியவர்கள், தாம் மிகுதியாகச் சம்பாதித்து மிகுதியாகச் செலவழிப்பதாக எண்ணிக் கலங்குவதுண்டு. மூன்று வங்கிகளில் வைத்திருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்படி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபா வரையே பாதுகாப்பு. பெரிய தொகையாக இருந்தால் பிரித்து வைப்பது அறிவுடைமை. உங்கள் தொகை அந்த அளவுக்கு வராவிட்டால் இரண்டு கணக்குகளே போதும். ஆகக்குறைந்த மீதி இல்லாததற்காகச் சில கணக்குகளில் கட்டணம் கழிப்பார்கள் என்பதால், பயன்படுத்தாத ஒன்றை மூடிவிடலாம்.

கேள்வி: வேறொரு வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரத்தில் 20,000 ரூபா எடுக்கப் போனேன். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. கேட்டால் ‘வரும்’ என்கிறார்கள். (திருக்கோவில்)

பதில்: இயந்திரம் எந்த வங்கியுடையது என்பதைப் பார்க்காமல், உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிலேயே முறையிடுங்கள். இயந்திரத்தின் இடம், திகதி, நேரம், தொகை, சீட்டு வந்திருந்தால் அதன் இலக்கம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லால் கேட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. கொப்பியில் இந்த 20,000 ரூபாவைச் செலவென்று எழுதாமல் ‘வங்கியிடமிருந்து வர வேண்டியது’ என்று தனியாகக் காட்டுங்கள். திரும்ப வரும் நாளில் அதை அடையாளமிட்டு முடித்துவிடலாம். இப்படி எழுதாதவர்கள், பல வாரங்களுக்குப் பின் பணம் வந்ததா இல்லையா என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

கிளையில் தீர்வு கிடைக்காவிட்டால் அந்த வங்கியின் தலைமையகத்திலுள்ள முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கும் தக்க பதில் வராவிட்டால் நிதிக் குறைதீர்ப்பாளரை நாடலாம். அல்லது இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது, வங்கிக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்பதையே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி யாராவது தொலைபேசியில் அழைத்து, உங்கள் இரகசிய இலக்கத்தையோ குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தையோ கேட்டால், உடனே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். எந்த வங்கியும் அவற்றைக் கேட்பதில்லை.

கேள்வி: இந்தச் சீட்டுகள், புத்தகங்களையெல்லாம் எவ்வளவு காலம், எங்கே வைத்திருப்பது? (கல்லடி)

பதில்: ஏ.ரி.எம். சீட்டுகள் வெப்பத்தால் அச்சிடும் தாளில் வருவதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். கூற்றோடு ஒப்பிட்டு முடிந்ததும் அவற்றை எறிந்துவிடலாம்; பிணக்கில் உள்ளதை மட்டும் உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசோலை அடிக்கட்டைகளையும் வைப்புச் சீட்டுகளையும் அந்த வரி ஆண்டின் கணக்கோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். நிலையான வைப்புச் சான்றிதழ், அடகுச் சீட்டு, கடன் ஒப்பந்தம் ஆகியவை தீர்ந்து முடியும்வரை பத்திரமாக இருக்க வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் நம் பகுதியில் வீட்டுக்குள் வெள்ளம் வருவது புதிதன்று. 2004 டிசம்பர் 26 இல் கரையோரக் குடும்பங்கள் கையில் எந்த ஆவணமும் இல்லாமல் நின்றதும் நமக்குத் தெரியும். ஆகவே முக்கியமானவற்றைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, அலுமாரியின் மேல்தட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு கணக்கின் இலக்கம், வங்கி, கிளை, வைப்பு முதிரும் திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உள்ளூரில் இல்லாத நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் பிரதி கொடுத்து வையுங்கள். புத்தகம் தொலைந்தாலும் கணக்கு வங்கியில் இருக்கும். இலக்கமும் தேசிய அடையாள அட்டையும் இருந்தால் புதிய புத்தகம் பெறலாம். அந்தத் தாளில் இரகசிய இலக்கத்தை மட்டும் எழுதாதீர்கள்.